லாக் புக்

ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு
தெருநாய் பிடிக்கிற வண்டியை
டெட்டால் ஊற்றிக் கழுவச் சொன்னார்கள்.
எதற்கென்று கேட்கவில்லை.
நான் ஒப்பந்த டிரைவர்.
கழுவினேன்.

இரவு பதினொன்றரைக்கு
அக்னி தீர்த்தக் கரையில் டார்ச் அடித்து எழுப்பினார்கள்
சாக்கு விரித்துப் படுத்தவர்களை,
சாக்கும் இல்லாதவர்களை.
"முகாம்மா. சோறு இருக்கு, டாக்டர் இருக்காரு" என்றார்
சானிட்டரி இன்ஸ்பெக்டர்,
அவருக்கே அப்போதுதான் தெரிந்த மாதிரி.

முகவரிக் கட்டம் காலியாக இருந்தால்
கம்ப்யூட்டர் வாங்காதாம்.
தனுஷ்கோடி என்றான் சேவுகன்.
ஆள் குடியிருக்க லாயக்கில்லை என்று
சர்க்காரே எழுதிவைத்த ஊர், அது செல்லாது.
வடக்கத்திப் பெண் சொன்னது யாருக்கும் புரியவில்லை.
போன வருசம் சுற்றுலா பஸ் ஒன்று
அவளை எண்ணாமல் கிளம்பிவிட்டது;
எண்ணிவிட்டும் கிளம்பியிருக்கலாம்.
கடைசியில் எழுத்தர் அத்தனை பேருக்கும்
நகராட்சி அலுவலக முகவரியையே போட்டார்.
ஐந்து நிமிடம்
அந்த மாடிக் கட்டடம் இருபத்திமூன்று பேருக்குச் சொந்தம்.

பாம்பன் பாலத்தில் காற்று
வண்டியை ஒருக்களித்துத் தள்ளியது.
பின்னால் கம்பிவலையில் முகம் வைத்து
சேசடிமை படகுகளைப் பார்த்துக்கொண்டு வந்தான்.
வின்ச்சில் கால் போகும்வரை கடலுக்குப் போனவன்.
"அந்தா, மூணாவது வெளக்கு, எங்க மொதலாளி போட்டு" என்றான்.
யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

உச்சிப்புளி தாண்டி ஒரு புயல் காப்பகம். பூட்டியிருந்தது.
சாவி வைத்திருப்பவர் பரமக்குடியில் ஒரு கல்யாணத்தில்.
புயல் வந்தால் திறப்பார்களாயிருக்கும்.
சீமைக்கருவேலத்து அடியில் இறக்கிவிட்டோம்.
டார்ச்சை அணைத்ததும்
இருமல் சத்தம் மட்டும் கேட்டது.
லாக் புக்கில் ஆள் ஏற்றியதை எழுத இடமில்லை.
சரக்கு என்ற கட்டத்தில் 23 என்று எழுதினேன்.

லாட்ஜ்காரர்கள் கொடுத்த மனுவில்
நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.
எங்கள் மாடிப்படிக்குக் கீழே ஒருவன் படுப்பான்.
தண்ணீர் பிடிக்கப் போகிற மனைவி
ஒருநாள் இருட்டில் அவனை மிதித்துவிட்டாள்.
கத்தியது அவள்தான். அவன் கத்தவில்லை.

அமாவாசை காலை பத்துமணிக்கு போன்.
கோயம்புத்தூர்க்காரர் ஒருவர்
அப்பா திதிக்கு
நூற்றெட்டு தயிர்சாதப் பொட்டலத்தோடு
கடற்கரையில் நிற்கிறாராம்.
காக்கை வந்தது, மாடு வந்தது,
கைநீட்ட ஆளைக் காணோம்.
உச்சிக்குள் கொடுத்தாக வேண்டுமாம்.
அவர் லாட்ஜ்காரரைத் திட்ட,
லாட்ஜ்காரர் கவுன்சிலரை,
கவுன்சிலர் இன்ஸ்பெக்டரை,
இன்ஸ்பெக்டர் என்னை:
"வண்டிய எட்றா. கெடச்சவங்கள ஏத்திட்டு வா."

பாலத்தின் நடுவில் கட்டையை ஊன்றி
எதிரே வந்துகொண்டிருந்தான் சேசடிமை.
நிறுத்தி, திரும்பி வரும்போது ஏறிக்கொள் என்றேன்.
"இப்ப எந்த முகாம்?"
சோறு, என்றேன்.
"எத்தன மணி வரைக்கும்?"
உச்சிவரைக்கும்.
சிரிக்கவில்லை. கட்டையை எடுத்து வைத்து
நடந்தான்.

மரத்தடியில் பதினாலு பேர்தான் மிச்சம்.
ஏற்றி வந்து கரையில் வரிசையாக உட்காரவைத்தோம்.
கோயம்புத்தூர்க்காரர் கண்கலங்கினார்.
வடக்கத்திப் பெண்ணின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்.
அவள் அவர் வந்த கார் எந்தப் பக்கம் போகும் என்று
கையால் கேட்டாள்.
"புண்ணியம் தாயி, புண்ணியம்" என்றார்.

ஆளுக்கு ஏழு கொடுத்தும் பத்து மிஞ்சியது.
கணக்கு குறையக் கூடாதே.
இன்ஸ்பெக்டருக்கு ஒன்று, எழுத்தருக்கு ஒன்று,
லாட்ஜ் வாட்ச்மேன், பூக்கடைப் பையன்,
பந்தோபஸ்து போலீஸ் ஐந்து பேர்.
கடைசிப் பொட்டலத்தோடு
என் வண்டிக் கதவுக்கு வந்தார்.
இரண்டு கையாலும் வாங்கச் சொன்னார்.

சாயங்காலம் மறுபடி ஏற்றணும், டீசல் போட்டுக்கோ
என்று சொல்லிவிட்டுப் போனார் இன்ஸ்பெக்டர்.
லாக் புக்கை மடியில் விரித்து
அதன்மேல் பொட்டலத்தைப் பிரித்தேன்.
தயிர் லேசாகப் புளித்திருந்தது.
சாப்பிட்டேன்.